காதுக்குள் வைக்கும் மிஷினா, காதுக்குப் பின்னால் வைப்பதா? குமரிக்காரர்கள் சொல்லுங்கள்

மேக்காமண்டபம் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். வயது 52. தக்கலைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். கொஞ்ச காலமாகவே பின்பெஞ்சுப் பிள்ளைகள் பேசுவது காதில் விழுகிறது, ஆனால் என்ன சொன்னார்கள் என்று பிடிபடுவதில்லை. "பத்து" என்றாலும் "சத்து" என்றாலும் எனக்கு ஒன்றுதான். ஃபேன் ஓடினால் சுத்தம், ஒன்றுமே புரியாது.

ஈஎன்டி டாக்டரிடம் காட்டியாயிற்று. சீழ், ஓட்டை எதுவும் இல்லை, வயசோடு வருகிற நரம்புக் கேள்விக்குறைவுதான், காது கேட்கும் மிஷின் போட்டால் நல்லது என்றார். ஆடியோகிராமில் (கேள்விச் சோதனை வரைபடத்தில்) வலது காது இப்படி: 250 ஹெர்ட்ஸில் 25, 500-ல் 30, 1000-ல் 45, 2000-ல் 55, 4000-ல் 65, 8000-ல் 70 டெசிபல். இடதும் ஏறக்குறைய அதேதான்.

நாகர்கோவிலில் ஒரு கடையில், "மேடம், சிஐசி போடுங்க, காதுக்குள்ள போயிரும், யாருக்கும் தெரியாது" என்று உடனே அச்சு எடுக்கவே தயாராகிவிட்டார்கள். இன்னொரு இடத்தில், உங்களுக்கு ஆர்ஐசிதான் பொருந்தும், காதுக்குப் பின்னால் சின்னதாக இருக்கும், மெல்லிய வயர் காதுக்குள் வரும் என்றார்கள். ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கிறேன். ஸ்கூட்டியில் ஹெல்மெட் வேறு. அதனால் காதுக்குள் வைப்பதுதான் எனக்கு ஆசை. சுகமாகவும் இருக்க வேண்டும், சத்தமும் தெளிவாக வேண்டும். போட்டிருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

குளச்சல் டீசல்

டீச்சர், நான் போட்டு வருஷம் பல ஆகிறது. விசைப்படகு எஞ்சின் வேலை பார்த்த காது இது. எஞ்சின் அறைக்குள் பஞ்சு கூட வைக்காமல் நின்றதுக்கு 4000 ஹெர்ட்ஸில் ஒரு பெரிய பள்ளம் விழுந்து கிடக்கிறது.

என்னுடையது ஃபுல் ஷெல் ஐடிஇ. காதின் கிண்ணம் முழுக்க நிறைந்து நிற்கும். வெளியே தெரியுமா என்றால் தெரியும். தெரிந்தால் என்ன? என் விரல் எல்லாம் தடிப்பு, கிரீஸ் பிடித்த விரல். சின்னது என்றால் என்னால் எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. இதில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13 நம்பர் பேட்டரி, ஒரு வாரத்துக்கு மேல் ஓடும். சத்தம் கூட்டக் குறைக்க மேலேயே ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. கடற்கரையில் நிற்கும்போது காற்று இரைச்சலும் குறைவு, மைக் காது மடலின் மறைவில் இருக்கிறதே. என் மச்சான் போட்டிருக்கிற காதுக்குப் பின்னால் வைக்கும் மிஷினில் காற்றடித்தால் ஒரே பொறுபொறு சத்தம் என்கிறான்.

மறைக்கணும் என்கிற ஆசையை மட்டும் முதலில் விடுங்கள். மற்றது எல்லாம் சரியாகிவிடும்.

மார்த்தாண்டம் பையன்

ஆன்லைனில் ரெண்டாயிரம் ரூபாய்க்கே காதுக்குள் வைக்கிற மிஷின் கிடைக்கிறதே, சார்ஜ் போடுகிற மாதிரி. எதுக்கு இவ்வளவு செலவு?

செவிநேரம்

நான் ஆடியாலஜிஸ்ட், கேட்புத்திறனைச் சோதித்து மிஷின் பொருத்துகிறவள். நாகர்கோவிலில்தான் வேலை. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, இது விளம்பரமும் இல்லை.

முதலில் தம்பிக்கு: அந்த ரெண்டாயிரம் ரூபாய்ச் சாமான் எல்லா ஒலியையும் ஒரே அளவில் தூக்கும். டீச்சருக்கு 250 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட நல்ல காது, 4000-ல் பெரிய குறை. எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கினால் ஃபேன் இரைச்சலும் பஸ் சத்தமும் பெருகும், "ச", "ஸ்" போன்ற மெல்லிய ஒலிகள் அப்படியே கிடக்கும். பெரிய சத்தத்துக்கு உச்சவரம்பும் சரியாக இருக்காது, இருக்கிற காதையும் கெடுக்கலாம்.

இனி டீச்சர். உங்கள் ஆடியோகிராமைப் பார்த்தவுடன் எனக்குத் தோன்றிய முதல் விஷயம் மிஷினின் அளவு இல்லை, உங்கள் தொழில். நாள் முழுக்கப் பேசுகிறவர் நீங்கள். ரெண்டு காதையும் விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு "ஈ" என்று இழுத்துச் சொல்லிப் பாருங்கள். குடத்துக்குள் இருந்து பேசுவது போல உங்கள் குரலே உள்ளே முழங்கும். பேசும்போது தாடை எலும்பு வழியாகக் காதுக் குழாயின் வெளிப்பகுதிக் குருத்தெலும்பு அதிர்கிறது. காது திறந்திருந்தால் அந்த அதிர்வொலி வெளியே போய்விடும். அடைத்தால் போக வழியில்லாமல் செவிப்பறையில் மோதும். முக்கியமாக 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே. கீழ் அலைவரிசையில் கேள்வி நன்றாக இருப்பவர்களுக்குத்தான் இந்த முழக்கம் அதிகத் தொந்தரவு. நீங்கள் அந்த வகை. குளச்சல் அண்ணாச்சி மாதிரி சந்தையில், கரையில் நின்று கேட்கிறவருக்கு இது பெரிசாகத் தெரியாது. தினமும் அஞ்சு பீரியட் பேசுகிறவருக்குத் தெரியும்.

இதற்கு ரெண்டு வைத்தியம். ஒன்று, ஷெல்லில், அதாவது காதுக்குள் போகிற கூட்டில், வென்ட் என்கிற துளை. ஒரு மில்லிமீட்டர் துளை காற்றழுத்தத்துக்குத்தான் உதவும், குரல் முழக்கத்தை அவ்வளவாகக் குறைக்காது. ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர் என்று போனால்தான் வித்தியாசம் தெரியும். ஆனால் துளை பெரிதாகப் பெரிதாக உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் சத்தம் வெளியே கசிந்து மைக்குக்குத் திரும்பும், விசில் அடிக்கும். இப்போதைய மிஷின்கள் விசிலை ஓரளவு தானாகவே அடக்கும். 4000-ல் 65 டெசிபல் என்றால் அதற்கும் ஒரு எல்லை உண்டு.

இன்னொன்று, ஷெல்லின் முனையைக் குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி உள்ளே கொண்டுபோவது. பெரியவர்களின் காதுக் குழாய் சுமார் ரெண்டரை சென்டிமீட்டர். வெளியே மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, உள்ளே மிச்சம் எலும்பு. எலும்புப் பகுதிவரை ஷெல் இறுக்கமாகப் போனால் அதிர்கிற இடமே மூடப்பட்டுவிடும், முழக்கம் குறையும். ஆனால் அங்கே தோல் மிக மெல்லியது, கொஞ்சம் உரசினாலும் வலிக்கும். எல்லாருக்கும் பொறுக்காது.

இப்போது சிஐசிக்கு வருவோம். அந்தச் சின்ன உடம்பில் பேட்டரி, ஸ்பீக்கர், சில்லு எல்லாம் போக ரெண்டரை மில்லிமீட்டர் துளைக்கு இடம் இருக்குமா என்பது உங்கள் குழாயின் அகலத்தைப் பொறுத்தது. குறுகிய குழாய் என்றால் இருக்காது. அதைப் பார்க்காமலே "சிஐசி போடுங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் ஆசைக்கு விற்கிறார், காதுக்கு இல்லை.

திற்பரப்பு ரப்பர்

நான் நேர்மாறாகச் சொல்லப்போகிறேன். காதுக்குள் அடைக்கிற எதுவும் நம்ம ஊருக்கு லாயக்கில்லை. இங்கே ரெண்டு பருவமழையும் பெய்யும். குலசேகரம், திற்பரப்புப் பக்கம் ஜூன் மாதம் வந்து பாருங்கள், சட்டை காயாது. நான் காதுக்குள் வைக்கிறதுதான் முதலில் வாங்கினேன். மழைக்காலத்தில் காது அரித்து, நீர் வடிந்து, ஈஎன்டி பார்த்து பூஞ்சை என்றார். மருந்து ஊற்றி மாறியது. மிஷினை மறுபடி வைத்தேன், மறுபடி வந்தது. இப்போது ஆர்ஐசி, நுனியில் துளை போட்ட சின்ன சிலிகான் குடை. காது காற்றோட்டமாக இருக்கிறது, அரிப்பும் இல்லை. அளவெடுத்துச் செய்த அந்த ஷெல் இப்போது மேசை டிராயரில் கிடக்கிறது. சுகம் என்றால் இதுதான் சுகம், கேட்டியளா.

குளச்சல் டீசல்

திற்பரப்பு, உமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக மாவட்டத்துக்கே லாயக்கில்லை என்று எழுதாதேயும். உப்புக் காற்றில் இருக்கிறவன் நான். ராத்திரி கழற்றினால் காய்ந்த துணியால் துடைத்து, பேட்டரியை வெளியே எடுத்து, மூடி நன்றாக இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் மணி போட்டு உள்ளே வைப்பேன். பேட்டரியை அந்த டப்பாவில் போடக்கூடாது. அது காற்றை இழுத்து ஓடுகிற சிங்க்-ஏர் பேட்டரி, அங்கே வைத்தால் அதுவும் காய்ந்துபோகும். மணி நிறம் மாறினால் மாற்றுவேன். கடலில் குளிக்கும்போது போடுவதில்லை. தலையில் எண்ணெய் தேய்த்த உடனே போடுவதில்லை. இதுவரை ஒரு குழப்பமும் இல்லை.

செவிநேரம்

சண்டை வேண்டாம், ரெண்டு பேரும் சொல்வது உண்மைதான். அடிக்கடி சீழ் வடிகிற காது, செவிப்பறையில் ஓட்டை, பூஞ்சை திரும்பத் திரும்ப வருகிற காது, இவற்றுக்குக் குழாயை மூடுகிற ஷெல் ஆகாது. காற்றோட்டம் வேண்டும். திற்பரப்புக்கு ஆர்ஐசி சரியான முடிவு. டீச்சருக்கு அந்தப் பிரச்சினை ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் அவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

அண்ணாச்சி சொன்னதோடு இன்னொன்று: மிஷினில் ஒட்டுகிற காதுக் குறும்பியைக் காலையில் துடையுங்கள், ராத்திரி இல்லை. ராத்திரி அது ஈரமாக இருக்கும், துடைக்கப்போய்த் துளைக்குள் தள்ளிவிடுவோம். விடிந்தால் காய்ந்திருக்கும், பிரஷ் பட்டால் உதிரும். தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். ஸ்பீக்கர் வாயில் இருக்கிற வெள்ளை நிறக் குறும்பி வடிகட்டியை அடைத்ததும் மாற்ற வேண்டும். "மிஷின் செத்துப்போச்சு" என்று என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு அந்த வடிகட்டியை மாற்றினாலே போதும்.

தோவாளைப்பூ

எங்க அம்மா கதை சொல்கிறேன். அம்மாவுக்குச் சுகர், விரல் நுனியில் உணர்ச்சி குறைவு, கண்ணும் மங்கல். ஒரு கடையில் பிடித்து சிஐசி கொடுத்துவிட்டார்கள். மஞ்சள் ஸ்டிக்கர் போட்ட 10 நம்பர் பேட்டரி. கடுகு மாதிரி என்று சொல்லமாட்டேன், ஆனால் அம்மா விரலுக்கு அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஒரு நாள் பூக் கட்டிக்கொண்டிருக்கும்போது மிஷின் நழுவிப் பிச்சிப்பூக் குவியலுக்குள் விழுந்துவிட்டது. வீடே சேர்ந்து தேடினோம். கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதுக்குப் பிறகு அம்மா அதைப் போட மறுத்துவிட்டா. கடையில் கேட்டால் மாற்றித் தர முடியாது, உங்க காதுக்குச் செய்தது என்றார்கள்.

இப்போது வேறு இடத்தில் சார்ஜ் போடுகிற ஐடிஇ. ராத்திரி டப்பாவில் வைத்தால் போதும். வலது காதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்று குறி இருக்கிறது, அம்மா அதைப் பார்த்தே வைத்துவிடுகிறா. எடுக்கிறதுக்குச் சின்னக் கைப்பிடி மாதிரி ஒரு நூல் வெளியே நிற்கிறது. டீச்சர் உங்களுக்கு விரலும் கண்ணும் நல்லா இருக்கலாம், ஆனால் பத்து வருஷம் கழிச்சும் யோசிச்சுக்கோங்க.

ஒரு விஷயம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பேட்டரியைப் பூட்டி வையுங்கள். விழுங்கினால் ஆபத்து.

பார்வதிபுரம் மேம்பாலம்

நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள், எனக்கும் மிஷின் உண்டு. சத்தத் தெளிவு பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன்.

கடையில் 16 சேனல், 32 சேனல், 48 சேனல் (ஒலியைப் பிரித்துத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற பட்டைகள்) என்று அடுக்குவார்கள், சேனல் கூடக் கூட விலை கூடும். ஒரு அளவுக்குமேல் அந்த எண்ணிக்கையால் காதுக்கு என்ன லாபம் என்று கேட்டால் பதில் வராது. வாங்குகிறவர் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "ரியல் இயர் மெஷர்மென்ட் செய்வீர்களா?" மெல்லிய சிலிகான் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்குப் பக்கத்தில் வைத்து, மிஷினையும் போட்டு, பேச்சொலியை ஓட்டி, உங்கள் காதுக்குள் உண்மையில் எவ்வளவு ஒலி வருகிறது என்று திரையில் பார்ப்பார்கள். எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் என்ஏஎல் ஆய்வகம் உருவாக்கிய கணக்கு முறைதான் பெரும்பாலும் இலக்கு. கம்பெனி மென்பொருள் தருகிற முதல் அமைப்பில் 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பெரும்பாலும் இலக்கைவிடக் குறைவாகத்தான் இருக்கும், புதியவர்கள் "கூச்சமா இருக்கு" என்று கழற்றி வைத்துவிடக்கூடாது என்பதற்காக. ஆனால் டீச்சருக்கு "ச", "ஸ்" எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அங்கே கொடுக்காவிட்டால் லட்ச ரூபாய் மிஷினும் வீண்.

அதுவும் காதுக்குள் ஆழமாக வைக்கும்போது செவிப்பறைக்கும் ஷெல்லுக்கும் நடுவே இடைவெளி குறையும், அதே மிஷின் கூடுதல் ஒலியழுத்தம் தரும். ஆளுக்கு ஆள் மாறும். அளக்காமல் கண்டுபிடிக்க வழி இல்லை.

மைக் விஷயம்: சிஐசியில் ஒரே மைக். ஐடிசி (சிஐசியைவிடக் கொஞ்சம் பெரிது, காதுக் குழாயின் வாயில் நிற்பது), ஃபுல் ஷெல் என்றால் ரெண்டு மைக் வைக்க இடம் உண்டு, எதிரில் இருப்பவர் பேச்சை முன்னுக்கு எடுத்துப் பின்பக்க இரைச்சலைக் குறைக்கும். வகுப்பறைக்கு அது முக்கியம். சிஐசிக்கும் ஒரு நியாயம் சொல்லணும், மைக் உள்ளே இருப்பதால் காது மடலே முன்பக்க ஒலியை இயல்பாகச் சேர்த்துக் கொடுக்கும். ஆனால் ப்ளூடூத் ஆன்டெனாவுக்கும் அதற்கான பேட்டரிக்கும் அங்கே இடம் கஷ்டம்.

துணுக்கு ஒன்று: 1983-ல் அமெரிக்க அதிபர் ரீகன் காதுக்குள் வைக்கும் மிஷினோடு வெளியே வந்த பிறகுதான் அங்கே இந்த வகைக்கே மவுசு வந்தது. நம்ம ஆட்கள் இன்னும் மறைக்கத்தான் பார்க்கிறோம்.

திற்பரப்பு ரப்பர்

மேம்பாலம், எல்லாம் சரி. நம்ம மாவட்டத்தில் எத்தனை இடத்தில் அந்த சிலிகான் குழாய் வைத்து அளக்கிறார்கள்? கம்ப்யூட்டரில் ரெண்டு தட்டு தட்டி "நல்லா கேக்குதா சார்?" என்பார்கள். கேட்குது என்று தலையாட்டிவிட்டு வருவோம்.

பார்வதிபுரம் மேம்பாலம்

அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். நாலு பேர் கேட்டால் அஞ்சாவது கடைக்காரர் வாங்கி வைப்பார். குழித்துறையிலோ நாகர்கோவிலிலோ ரயில் ஏறினால் திருவனந்தபுரம், அங்கே ஆக்குளத்தில் 1997-ல் தொடங்கப்பட்ட நிஷ் இருக்கிறது, பேச்சு, கேட்புத் துறைக்கென்றே உள்ள நிறுவனம். ஒரு தரம் போய்ப் பரிசோதித்துவிட்டு வந்தால் கடைக்காரரிடம் பேசும்போது நமக்கும் ஒரு தெம்பு இருக்கும்.

மேக்காமண்டபம் டீச்சர்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. செவிநேரம் சொன்ன மாதிரி காதை அடைத்து "ஈ" என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்த முழக்கத்தோடு ஒரு வேதிச் சமன்பாடு கூட என்னால் நடத்த முடியாது.

மூணு கேள்வி. ஆர்ஐசியைக் கையில் வாங்கி ரெண்டு நாள் போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள், அளவெடுத்துச் செய்வதை எப்படிப் போட்டுப் பார்ப்பது? அச்சு எடுக்கும்போது நான் கவனிக்க வேண்டியது என்ன? நிறம் வேறு கேட்கிறார்கள், எல்லாம் வெள்ளைக்காரத் தோல் நிறமாகவே இருக்கிறது.

செவிநேரம்

நிறத்தை முதலில் முடித்துவிடுவோம். கரும்பழுப்பு அல்லது கறுப்பு கேளுங்கள், பெரும்பாலான கம்பெனியிலும் உண்டு. காதுக்குழாயின் வாய் இயல்பாகவே நிழல் விழுந்த இடம், அங்கே கறுப்பு கண்ணில் படாது. இளஞ்சிவப்புதான் நம்ம தோலில் பளிச்சென்று தெரியும்.

போட்டுப் பார்ப்பது: அளவெடுத்ததைச் செய்யாமல் போட்டுப் பார்க்க முடியாது. ஆனால் ஆர்ஐசியையே ரெண்டு விதமாகப் போட்டுப் பார்க்கலாம், ஒரு தடவை திறந்த (துளை உள்ள) குடையோடு, ஒரு தடவை மூடிய குடையோடு. மூடியதில் வகுப்பு எடுத்துப் பாருங்கள். உங்கள் குரல் தாங்க முடிகிறது என்றால் ஷெல்லும் தாங்கும். சுத்தமாக முடியவில்லை என்றால் பெரிய வென்ட் இல்லாத எதையும் வாங்காதீர்கள். அச்சு எடுக்காமல் ரெடியாக, சிலிகான் உறையோடு வருகிற சின்ன மிஷின்களும் உண்டு, சிக்னியாவின் சில்க் மாதிரி. அதையும் டெமோ கேட்கலாம்.

இனி அச்சு. சுகம், வலி, விசில் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது, கம்பெனி பெயரில் இல்லை. முதலில் விளக்கு வைத்துக் குழாயைப் பார்க்க வேண்டும். குறும்பி இருந்தால் அன்றைக்கு எடுக்கவே கூடாது. நூல் கட்டிய சின்னப் பஞ்சையோ நுரைத் துண்டையோ இரண்டாவது வளைவுக்கு அப்பால் வைப்பார்கள், சிலிகான் செவிப்பறைக்குப் போகாமல் தடுக்க. பஞ்சு வைக்காமல் ஊற்ற வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். காதில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், அப்படிப்பட்ட காதில் சிலிகான் உள்ளே சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

அப்புறம் வாய். தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவமே மாறுகிறது, சிலருக்கு நன்றாகவே மாறும். வாயை மூடிக்கொண்டு மட்டும் எடுத்த அச்சில் செய்த ஷெல், நீங்கள் பேசும்போதும் மெல்லும்போதும் தளர்ந்து விசிலடிக்கும், மெல்ல மெல்ல வெளியே தள்ளும். வாயைத் திறந்து வைத்தபடி ஒரு அச்சு எடுக்கச் சொல்லுங்கள். நாள் முழுக்கப் பேசுகிற உங்களுக்கு இது கட்டாயம். வெளியே எடுத்ததும் அச்சைக் கையில் வாங்கிப் பாருங்கள்: ரெண்டு வளைவும் தெளிவாக இருக்கணும், நடுவில் குமிழியோ மடிப்போ இருக்கக்கூடாது. இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், சிலிகான் விலை பெரிசு இல்லை. அச்சை ஸ்கேன் செய்து முப்பரிமாண அச்சில் ஷெல் செய்வார்கள், அச்சில் இருக்கிற தப்பும் அப்படியே அச்சாகி வரும்.

பணம் கொடுக்கும் முன்னால் எழுத்தில் வாங்க வேண்டியது ஒன்று: ஷெல் வலித்தாலோ தளர்ந்தாலோ எத்தனை நாளுக்குள் இலவசமாகத் திரும்பச் செய்து தருவார்கள், ஒத்துவராவிட்டால் வேறு வகைக்கு மாற்றித் தருவார்களா. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தோவாளைப்பூ அம்மாவுக்கு நடந்தது இது கையில் இல்லாததால்தான். பில்லையும் பாருங்கள், ஹியரிங் எய்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

என் கருத்து கேட்டால், உங்களுக்கு ரெண்டு மைக் உள்ள ஐடிசி, ரெண்டு மில்லிமீட்டருக்குக் குறையாத வென்ட், ரெண்டு காதுக்கும். குழாய் அதற்கு இடம் தராவிட்டால் ஆர்ஐசி. சிஐசி மூன்றாவதுதான்.

மார்த்தாண்டம் பையன்

அக்கா, எங்க பாட்டிக்கு அரசாங்கத்தில் இலவசமாகக் கிடைக்குமா? டீச்சருக்கும் கிடைக்குமா?

செவிநேரம்

டீச்சருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்க வாய்ப்பில்லை. 2016-ம் ஆண்டுச் சட்டப்படி ரெண்டு காதிலும் பேச்சு அலைவரிசையில் 60 டெசிபலாவது குறை இருக்க வேண்டும். அவருக்கு நாற்பது சொச்சம்தான் வரும். பாட்டிக்கு முதலில் பரிசோதனை செய்யுங்கள், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஈஎன்டி பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அளவு எட்டினால் கலெக்டர் ஆபீஸில் இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே கிடைப்பது காதுக்குப் பின்னால் வைக்கிற வகை, பாட்டி விரலுக்கு அதுவே வசதி. ஒரு காது மட்டும் திடீரென்று ஒரே நாளில் அடைத்திருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

மேக்காமண்டபம் டீச்சர்

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பரீட்சை, பேப்பர் திருத்தல் என்று ஓடியது.

முதலில் ஆர்ஐசி டெமோ வாங்கி வகுப்புக்குப் போனேன். திறந்த குடையில் என் குரல் என் குரலாகவே இருந்தது, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஹெல்மெட் கழற்றும்போதெல்லாம் மிஷினும் கண்ணாடியும் சேர்ந்து வந்தன, ஒரு தடவை பள்ளி வாசலில் மண்ணில் விழுந்தது. மூடிய குடையில் முதல் பீரியட் எரிச்சல், மதியத்துக்குள் பரவாயில்லை என்றாகிவிட்டது. அதனால் ஐடிசிக்கே துணிந்தேன். நான் போன இடத்தில் சிலிகான் குழாய் வைத்து அளக்கிற கருவி இருந்தது, கேட்ட பிறகுதான் அதை அலமாரியிலிருந்து எடுத்தார்கள்!

அச்சு எடுக்கும்போது வாயைத் திறந்து எடுங்கள் என்றதும் அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நீங்களும் இந்தத் துறையா மேடம் என்றாள். கறுப்பு ஷெல். வென்ட் ரெண்டு மில்லிமீட்டர். இடது குழாய் கொஞ்சம் குறுகல், அதில் அவ்வளவு இடம் இல்லை என்று ஒன்றரைதான் வந்தது. இடது பக்கம் என் குரல் இன்னும் கொஞ்சம் கனமாகத்தான் கேட்கிறது.

சத்தம் எப்படி என்றால், முதல் வாரம் ஆத்திரம்தான் வந்தது. பேப்பர் கசங்குகிற சத்தம், குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம், கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சென்கிறது, எல்லாம் காதுக்குள்ளேயே நடக்கிறது. அளந்து பார்த்து 4000 பக்கம் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள், அதான். இப்போது பழகிவிட்டது. பின்பெஞ்சில் ரெண்டு பேர் என்னைப் பற்றிக் குசுகுசுவென்று பேசியதைக் கேட்டுத் திரும்பினேன். வகுப்பே அமைதியாகிவிட்டது, இனிமேல் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் ஒன்றாகப் பேசும்போது இன்னும் திணறல்தான், அதில் பெரிய மாற்றம் இல்லை.

ஒரு தொந்தரவு: வலது காதில் மரச்சீனிக் கிழங்கு, அப்பளம் என்று மெல்லும்போது முன்பக்கம் குத்துகிறது. சாப்பிட்ட பிறகு அங்கே சிவந்திருக்கிறது. பழகிவிடுமா?

செவிநேரம்

சத்தம் பழகும், வலி பழகாது. சிவந்த இடம் தெரியும்படி கழற்றின உடனே போய்க் காட்டுங்கள். முன்பக்கம் தாடை மூட்டு ஷெல்லைத் தள்ளுகிற இடம் அது. அங்கே கொஞ்சம் தேய்த்து மெருகு போடுவார்கள், அங்கேயே முடிகிற வேலை. தேய்த்த பிறகு அங்கேயே உட்கார்ந்து எதையாவது மென்று பாருங்கள். அதிகம் தேய்த்தால் விசில் வரும், அப்படி வந்தால் மறு அச்சு கேளுங்கள், எழுத்தில் வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா. இடது பக்கத்துக்கும் அதே நேரத்தில் வென்ட்டைக் கொஞ்சம் அகலப்படுத்த முடியுமா என்று கேட்டுவிடுங்கள், சில ஷெல்லில் முடியும். ஸ்டாஃப் ரூமில் நீங்கள் கேட்க வேண்டியவர் எதிரிலும் இரைச்சல் முதுகுப் பக்கமும் இருக்கும்படி உட்காருங்கள், ரெண்டு மைக் அப்போதுதான் தன் வேலையைச் செய்யும்.

குளச்சல் டீசல்

டீச்சர், டப்பாவும் சிலிக்கா மணியும் வாங்கியாச்சா?

மேக்காமண்டபம் டீச்சர்

எங்க லேபிலேயே டெசிகேட்டர் (ஈரம் போக்கி உலர வைக்கிற கலம்) இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் மிஷினை அங்கே வைத்துவிட்டு வீட்டுக்கு எப்படிப் போவது? டப்பா வாங்கிவிட்டேன். மணி நீலத்திலிருந்து ரோஸ் ஆனால் மாற்ற வேண்டுமா, அடுப்பில் வறுத்து மறுபடி போடலாமா?

குளச்சல் டீசல்

நான் இரும்புச் சட்டியில் இளந்தீயில் வறுத்து, ஆறவிட்டுப் போடுவேன். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. வீட்டுக்காரி தனிச் சட்டி வாங்கித் தந்துவிட்டா.